கொழும்பில் திறக்கப்படாத கொள்கலன்கள்

2025 ஏப்ரல் முற்பகுதியில் சென்னை விமான நிலையத்திலிருந்து அமெரிக்கா நோக்கிப் பறந்த சரக்கு விமானங்கள் பற்றிய செய்தி உலக வர்த்தக வட்டாரங்களில் பெரிதும் பேசப்பட்டது. சீனப் பொருட்கள் மீது அமெரிக்கா விதித்த தீர்வை சில நாட்களுக்குள் நூறு வீதத்தையும் தாண்டிய வேளை அது. இந்தியாவில் ஒன்றிணைக்கப்பட்ட, 600 தொன் எடையுள்ள ஐபோன்களை, அதாவது 15 இலட்சம் வரையிலான கையடக்கத் தொலைபேசிகளை, அப்பிள் நிறுவனம் வாடகைக்கு அமர்த்திய விமானங்களில் அனுப்பி வைத்ததாக ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அறிவித்தது. அச்செய்தியில் மற்றொரு தகவலும் இருந்தது. சென்னையில் 30 மணித்தியாலங்கள் எடுத்த சுங்க அனுமதியை 6 மணித்தியாலங்களாகக் குறைக்குமாறு அந்நிறுவனம் முன்கூட்டியே கேட்டுப் பெற்றிருந்தது என்பதே அது.

விமானங்களைக் காட்டிலும் மிச்சப்படுத்தப்பட்ட அந்த 24 மணித்தியாலங்களே நமது கவனத்துக்குரியவை. தொலைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி போன்ற இலத்திரனியல் நுகர்பொருட்களை நாடு விட்டு நாடு கொண்டு செல்வதில் செலவைத் தீர்மானிப்பது தூரம் அன்று, காலமே. ஒரு மூடை அரிசி களஞ்சியத்தில் மூன்று மாதம் கிடந்தாலும் அரிசியாகவே இருக்கும். ஆனால் இன்றைய தொலைபேசி, அடுத்த மாதிரி சந்தைக்கு வரும் நாளில், பெட்டி திறக்கப்படாமலேயே பழைய பொருளாகிவிடுகிறது. இந்த வகையில் அது காய்கறி வியாபாரத்துக்கே அதிகம் நெருக்கமானது.

எதனை விமானத்தில் ஏற்றுவது, எதனைக் கப்பலில் அனுப்புவது என்ற முதற் கேள்விக்கான விடை இதிலிருந்தே பிறக்கிறது. பெட்டியுடன் 350 கிராம் அளவேயுள்ள ஐபோன் தன் விலையில் மிகச் சிறு பங்கையே விமானக் கட்டணமாகக் கேட்கும். ஐம்பத்தைந்து அங்குலத் தொலைக்காட்சியின் நிலை வேறு. அதனைப் படுக்க வைக்கவும் இயலாது, நிமிர்த்தியே அடுக்க வேண்டும். கொள்கலனின் எடை வரம்பை எட்டுவதற்கு முன்னரே இடம் நிரம்பிவிடும். எனவே தொலைக்காட்சியும் குளிர்சாதனப் பெட்டியும் கடல் வழியே வருகின்றன. அவற்றின் வரவை மாதக் கணக்கில் முன்கூட்டியே திட்டமிட வேண்டியுள்ளது. அத்திட்டம் எவ்வளவு எளிதிற் குலையக்கூடியது என்பதை 2021 மார்ச்சில் சுயஸ் கால்வாயை ஆறு நாட்கள் அடைத்து நின்ற 'எவர் கிவன்' கப்பலும், அதே ஆண்டு கொரோனாத் தொற்றினால் ஏறத்தாழ ஒரு மாதம் முடங்கிய தென்சீனத்தின் யாந்தியான் துறைமுகமும் காட்டின.

இரண்டாவது கேள்வி, பொருளை எங்கே நிறுத்தி வைப்பது என்பதாகும். நாட்டுக்கு ஒரு களஞ்சியம் அமைத்தால் பொருள் வாடிக்கையாளருக்கு அருகில் இருக்கும். ஆனால் ஒரு நாட்டில் தேங்கிக் கிடக்க, மறு நாட்டில் தட்டுப்பாடு நிலவும். ஹியூலெட் பக்கார்ட் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் தனது அச்சுப்பொறிகள் விடயத்தில் எதிர்நோக்கியது இச்சிக்கலையே. அமெரிக்கத் தொழிற்சாலையில் ஒவ்வொரு நாட்டுக்குமென மின்வழங்கியும் செருகியும் கையேடும் சேர்த்துப் பொதி செய்யப்பட்டவை, ஐரோப்பாவை அடையும்போது எதிர்பார்த்த நாட்டில் விலைபோகாமல் வேறு நாட்டில் தேவைப்பட்டன. நிறுவனம் கண்ட தீர்வு மிக எளிமையானது. எந்த நாட்டுக்கும் உரியதல்லாத பொது அச்சுப்பொறியாகவே அனுப்பி, ஐரோப்பியக் களஞ்சியத்தில் வைத்து, கட்டளை கிடைத்த பின்னரே அந்தந்த நாட்டின் மின்வழங்கியையும் கையேட்டையும் சேர்த்தது. களஞ்சியம் என்பது பொருளைப் பூட்டி வைக்கும் இடம் என்ற நிலை மாறி, உற்பத்தியின் கடைசிப் படி நிகழும் இடமாயிற்று.

இதனை நாம் விரிவாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு. கொழும்புத் துறைமுகம் 2024 இல் 70 இலட்சத்துக்கும் அதிகமான, இருபது அடி அளவிற் கணக்கிடப்படும் கொள்கலன்களைக் கையாண்டது. செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால் 2023 டிசம்பர் முதல் பெரும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கியமையும் இதற்கு ஒரு காரணம். ஆயினும் இவற்றுள் ஐந்தில் நான்கு பங்கு அளவிலானவை ஒரு கப்பலிலிருந்து இறக்கப்பட்டு மறு கப்பலில் ஏற்றப்படுபவை. அவற்றின் கதவு இங்கே திறக்கப்படுவதில்லை. பாரந்தூக்கிக்கும் தரிப்பிடத்துக்குமான கட்டணம் கிடைக்கிறது. திறந்து, பரிசோதித்து, செருகியை மாற்றி, மும்மொழிக் கையேட்டைச் சேர்த்து, சிறு சிறு தொகுதிகளாகப் பிரித்து அனுப்பும் வேலையோ சிங்கப்பூரிலும் டுபாயின் ஜெபல் அலியிலும் நடக்கிறது. நம் நாட்டின் நியமம் 13 அம்பியர் சதுர முனைச் செருகி. இந்தியாவில் வட்ட முனை. ஒரே தொலைக்காட்சியை இப்பிராந்தியத்தின் பல சந்தைகளுக்கு ஏற்பத் தயார்செய்யும் களஞ்சியத்துக்குக் கொழும்பைப் போல் பொருத்தமான இடம் அரிது. 2012 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க நிதிச் சட்டமும் அதன் கீழ் 2013 இல் வந்த ஒழுங்குவிதிகளும் இத்தகைய மீள் ஏற்றுமதித் தொழிலுக்கு வழி திறந்தன. கொழும்பு, ஹம்பாந்தோட்டை ஆகிய இரண்டும் அப்போது தீர்வையற்ற துறைமுகங்களாக அறிவிக்கப்பட்டன. சட்டம் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது. இல்லாதது எது?

நிச்சயத்தன்மையே என்பது நமது கருத்து. 2025 ஜனவரியில் சுங்கப் பரிசோதனைக்காகக் கொள்கலன்கள் கொழும்பில் குவிந்து கிடந்ததையும், நெரிசலைக் குறைக்கவெனப் பரிசோதனையின்றி விடுவிக்கப்பட்ட 323 கொள்கலன்கள் அரசியல் சர்ச்சையாக வெடித்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒருபுறம் அளவுக்கு மீறிய தாமதம், மறுபுறம் பரிசோதனையே இல்லாத விடுவிப்பு. இரண்டில் எதையும் நம்பி எந்த நிறுவனமும் தன் களஞ்சியத்தை இங்கே அமைக்காது. 6 மணித்தியாலம் என்று சொன்னால் அது 6 மணித்தியாலமாகவே இருக்க வேண்டும் என்பதே இத்தொழிலின் அடிப்படை.

நிதியும் இத்திட்டமிடலின் ஓர் அங்கமே. 2021 செப்டெம்பரில் மத்திய வங்கி, அத்தியாவசியமற்றவை எனக் கருதிய 623 வகைப் பொருட்களுக்கு நாணயக் கடிதம் திறக்கும்போது முழுப் பெறுமதியையும் ரொக்கமாக வைப்பிலிட வேண்டுமெனப் பணித்தது. கையடக்கத் தொலைபேசிகளும் அப்பட்டியலில் இருந்தன. அந்நிய செலாவணி வற்றிக்கொண்டிருந்த நிலையில் அந்நடவடிக்கையின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதன் பாரம் எங்கே விழுந்தது? பெரும் இறக்குமதியாளரிடம் வங்கிப் பலம் உண்டு. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் தமிழ், முஸ்லிம் வர்த்தகருக்கோ சுழலவேண்டிய முதல் வங்கியில் உறைந்து கிடந்தது. அவரிடம் கொள்வனவு செய்யும் காத்தான்குடிக் கடைக்காரரும் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக் கடைக்காரரும் அதனைத் தம் விலையில் உணர்ந்தனர்.

பாதுகாப்பு விடயத்தில் மட்டும் காலத்தை மிச்சப்படுத்த முனைவது ஆபத்தானது. 2010 செப்டெம்பர் 3 ஆந் திகதி டுபாயில் விழுந்து நொறுங்கிய யூபிஎஸ் சரக்கு விமானத்தில் இலித்தியம் மின்கலங்கள் இருந்தன. விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். தனியாகப் பொதி செய்யப்பட்ட இலித்தியம் அயன் மின்கலங்களைப் பயணிகள் விமானங்களில் சரக்காக ஏற்றுவதை 2016 ஏப்ரல் முதல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தடை செய்தது. சரக்கு விமானங்களிலும் 30 வீதத்துக்கு மேற்படாத மின்னேற்றத்துடனேயே அவை செல்லலாம். ஆபத்தான சரக்கு ஒன்றை யார் ஏற்பது, பழுதானால் எங்கே இறக்குவது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காவிடின் நேர்வது என்ன என்பதற்கு நாம் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. நைத்திரிக் அமிலம் கசிந்த கொள்கலனைக் கட்டாரின் ஹமாத் துறைமுகமும் இந்தியாவின் ஹசீராவும் இறக்க மறுத்த பின்னர் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' நம் கடலுக்கு வந்தது. 2021 மே 20 இல் தீ பரவி, ஜூன் 2 இல் அது மூழ்கத் தொடங்கிற்று. நீர்கொழும்பு மீனவர் அதன் விலையைக் கொடுத்தனர்.

இனி, கொழும்பிலிருந்து புறப்படும் கடைசிப் பயணம். 1990களில் வடக்கிற்குத் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் வானொலிக்கான மின்கலமும் ஒன்று. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது மீண்டும் கப்பலை நம்பியிருந்தோம். இன்று பாதை திறந்திருக்கிறது, லொறிகள் ஓடுகின்றன, புதிய மாதிரிகள் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் தாமதமின்றியே வருகின்றன. தடங்கல் இருப்பது திரும்பும் பாதையில்தான்.

பழுதடைந்த பொருள் கடையிலிருந்து விநியோகஸ்தருக்கும் அவரிடமிருந்து திருத்தகத்துக்கும் செல்லும் பயணமும் திட்டமிடப்பட வேண்டியதே. சம்சுங் நிறுவனம் 2016 இல் தீப்பற்றிய 'நோட் 7' தொலைபேசிகளை மீளப் பெறுவதற்கு அமெரிக்க வாடிக்கையாளருக்குத் தீத்தாங்கும் விசேட பெட்டிகளை அனுப்ப நேர்ந்தது. நம் நாட்டிலோ உத்தரவாதக் காலத்தில் பழுதாகும் தொலைக்காட்சியின் உதிரிப்பாகம் பெரும்பாலும் கொழும்பிலேயே இருக்கிறது. வாரக்கணக்கிலான காத்திருப்பும் போக்குவரத்துச் செலவும் வாங்கியவர் தலையில் விழுகின்றன. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் விற்பனை செய்யும் விநியோகஸ்தர்கள் அங்கேயே உதிரிப்பாகக் களஞ்சியம் ஒன்றைப் பேணுவது பெரும் செலவாகாது. உத்தரவாதப் பத்திரத்தில் எந்த ஊரில், எத்தனை நாட்களுக்குள் திருத்தித் தரப்படும் என்பதை நுகர்வோருக்கு விளங்கும் மொழியில் குறிப்பிடுமாறு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை பணிக்கலாம்.