பன்னாட்டுக் கல்வியும் பணியாளர் துணையும்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

ஒரு பல்கலைக்கழகம் எப்போது பன்னாட்டுப் பல்கலைக்கழகம் ஆகிறது? அயல்நாட்டு மாணவர்கள் வந்து சேர்ந்தால் ஆகிறது என்பர் சிலர். அயல்நாட்டுப் பேராசிரியர்கள் வந்து விரிவுரை ஆற்ற வேண்டும் என்பர் வேறு சிலர். இரு நாட்டுத் துணைவேந்தர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, பொன்னாடை போர்த்தி, புகைப்படமும் எடுத்துக்கொண்டால் போதும் என்று எண்ணுவோரும் உண்டு. இவை யாவும் வேண்டியவையே. ஆயினும் தோழியரே, சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். முன்பின் அறியாத நாட்டில் பெட்டியும் கையுமாக வந்து இறங்கும் ஒரு மாணவி முதன்முதலில் யாரைச் சந்திக்கிறாள்? பேராசிரியரையா? துணைவேந்தரையா? இருவரையும் அல்ல. வாயிற்காவலரை, விடுதி அலுவலரை, கட்டணம் பெறும் எழுத்தரை, உணவு பரிமாறுபவரைத்தான் சந்திக்கிறாள். ‘ஆசிரியர் அல்லாத பணியாளர்’ என்று ஒரே சொல்லில் அடக்கப்படும் இவர்களைப் பற்றி எழுதுவோர் குறைவு. ஆகவே நாங்கள் எழுத முன்வந்தோம். எங்களுள் பலருடைய பெற்றோர் இத்தகைய வேலைகளில் இருப்பவர்கள் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

பல்கலைக்கழகம் தோன்றிய நாளிலேயே பணியாளரும் தோன்றிவிட்டார். இத்தாலி நாட்டின் போலோஞா பல்கலைக்கழகம் 1088ஆம் ஆண்டில் தோன்றியதாகக் கொள்ளப்படுகிறது. ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் ஓர் அணியாகவும், இத்தாலியின் பிற நகரங்களிலிருந்து வந்தவர்கள் மற்றோர் அணியாகவும் சேர்ந்து அதை நடத்தினார்கள். வேற்றூர் மாணவர்களே தோற்றுவித்த கழகம் அது. அங்கே வகுப்பு வகுப்பாகச் சென்று விடுமுறை முதலிய அறிவிப்புகளைச் சொல்லிவர ஒரு பணியாளர் இருந்தார். அவர் பதவியின் பெயர் ‘பிடெல்லுஸ்’. பள்ளிக்கூடப் பணியாளரை இத்தாலியர் ‘பிடெல்லோ’ என்று அழைப்பது அந்தச் சொல்லின் வழி வந்ததே.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஐரோப்பிய நாடுகளின் மாணவர்கள் ஒருவர் நாட்டில் மற்றொருவர் சென்று படிக்க 1987ஆம் ஆண்டில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அதன் பெயர் எராஸ்மஸ். முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் சென்றார்கள். பின்னர்ப் பள்ளி, தொழிற்கல்வி முதலிய பல துறைகளும் அத்துடன் இணைக்கப்பட்டு, இதுவரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டோர் பயன் பெற்றிருக்கிறார்கள்.

இப்பெயருக்கு உரியவர் ரோட்டர்டாம் நகரில் பிறந்து, 1536ஆம் ஆண்டில் பாசல் நகரில் மறைந்த கத்தோலிக்கக் குருவும் பேரறிஞருமான எராஸ்மஸ். பாரிஸ், கேம்பிரிட்ஜ், லூவேன் என்று பல ஊர்களில் வாழ்ந்து கற்றவர், கற்பித்தவர். பாரிஸில் அவர் தங்கிப் படித்த மாந்தேகு கல்லூரியில் கெட்டுப்போன முட்டையைக் கொடுத்தார்கள் என்றும், தங்குமிடம் மிக மோசமாக இருந்தது என்றும் பிற்காலத்தில் கேலியாக எழுதி வைத்திருக்கிறார். இவ்வளவு பெரிய அறிஞரே விடுதிச் சோற்றை மறக்கவில்லை என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்கா ஜெர்மனியில் பொறியியல் மேற்படிப்புப் படிக்கிறார். வீட்டாருடன் தொலைபேசியில் பேசும்போது அவர் சொல்லும் செய்திகளில் பேராசிரியர்களைவிட விடுதி அலுவலகத்துப் பெண்மணியே அதிகம் வருவாராம். இது ஏன் என்று விசாரித்தபோதுதான் இந்தப் பொருளின் ஆழம் எங்களுக்குப் புரிந்தது.

ஜெர்மனியில் குடியேறும் எவரும், வீடு புகுந்த இரண்டு வாரங்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் தம் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு, ‘இவர் எங்களிடம் குடியிருக்கிறார்’ என்று வீட்டுக்காரர் எழுதித் தரும் சான்று வேண்டும். 2015ஆம் ஆண்டு நவம்பர் முதல் இது கட்டாயம். விடுதியில் தங்கும் மாணவிக்கு வீட்டுக்காரர் யார்? விடுதி அலுவலகமே. அந்தச் சான்று இல்லாவிட்டால் பதிவு இல்லை; பதிவு இல்லாவிட்டால் தங்கும் அனுமதி பெறும் வேலையும் தடைப்படும். ஒரு தாள், ஒரு கையெழுத்து. அதைத் தருபவர் ‘நாளை வா’ என்று சொல்லாமல், அடுத்து எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், எந்த வண்டியில் ஏற வேண்டும், எந்தெந்தத் தாளை எடுத்துச் செல்ல வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், அந்தப் பெண்ணின் முதல் வாரமே மாறிவிடுகிறது. அக்காவுக்கு அப்படித்தான் நடந்ததாம். துண்டுச் சீட்டு எழுதுவது எந்தப் பணிவிதியிலும் இருக்காது என்றே நினைக்கிறோம்.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் மாணவர் விடுதிகளையும் ‘மென்சா’ எனப்படும் உணவுக்கூடங்களையும் நடத்துவதற்கென்றே ‘ஸ்டுடீரண்டன்வெர்க்’ என்னும் அமைப்புகள் இருக்கின்றன. முதல் உலகப்போருக்குப்பின் மாணவர்கள் பசியாலும் இடமின்மையாலும் தவித்த நாட்களில் வேர் கொண்டவை இவை. நாடு தழுவிய அவற்றின் தலைமை அமைப்பு 1921இல் உருவானது. இந்த உணவுக்கூடங்களின் அன்றாட உணவுப் பட்டியலில் ஒவ்வொரு பண்டத்தின் அருகிலும் சிறு குறிகள் இருக்கும். இதில் பன்றி இறைச்சி உண்டு, இதில் மாட்டிறைச்சி உண்டு, இதில் மது கலந்திருக்கிறது, இது மரக்கறி உணவு என்று அவை தெரிவிக்கும். இசுலாமிய மாணவரும், இறைச்சி உண்ணாத நம் நாட்டு மாணவரும் யாரையும் கேட்டுக் கூச்சப்படாமல் தட்டை எடுத்துக்கொள்ளலாம். சமையற்கூடத்தில் இருப்பவர் குறியை மாற்றிப் போட்டுவிட்டால் ஒருவருடைய சமய நம்பிக்கையே புண்படும். அவ்வளவு பெரிய பொறுப்பு அந்தச் சிறு குறியில் அடங்கியிருக்கிறது.

அடுத்து மதிப்பெண் அலுவலகம். வெளிநாட்டில் ஒரு பருவம் படித்த மாணவர் தாய்நாடு திரும்பியதும், அங்கே படித்ததை இங்கே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் அல்லவா? இதற்காக 1989ஆம் ஆண்டில் ஒரு பொது அளவு முறை சோதனையாகத் தொடங்கப்பட்டது. அதன்படி முழு ஓராண்டுப் படிப்புக்கு 60 அலகுகள். புறப்படுமுன் மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் ஆகிய மூவரும் இன்னின்ன பாடம் என்று ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திடுகிறார்கள். தேர்வு முடிவு வெளியானபின் மதிப்பெண் சான்றை வழக்கமாக ஐந்து வாரங்களுக்குள் அனுப்பிவிட வேண்டும். பேராசிரியர் எவ்வளவு சிறப்பாகக் கற்பித்தாலும், இந்தச் சான்று ஓர் எழுத்தரின் மேசையில் கட்டுக்கு அடியில் கிடந்துவிட்டால் மாணவர் ஒரு பருவத்தையே இழக்க நேரிடலாம். அயல்நாட்டுக் கல்வியின் வெற்றி கோப்புகளுக்கிடையே இருக்கிறது என்றால் மிகையாகாது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. பணியாளர் எல்லாரும் ஆங்கிலப் பண்டிதராக வேண்டும் என்பது தேவையற்ற எதிர்பார்ப்பு என்பதே எங்கள் கருத்து. இலக்கணப் பிழையோடு பேசினாலும் நிறுத்தி நிதானமாகப் பேசுபவர், பேராசிரியர்போல் விரைந்து பேசுபவரைவிட நன்றாகப் புரியவைத்துவிடுவார். படிவங்களும் அறிவிப்புப் பலகைகளும் இரு மொழிகளில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எந்தக் கேள்விக்கு யாரிடம் போக வேண்டும் என்பது பணியாளருக்கே தெரிந்திருந்தால் மீதிப் பாதியும் முடிந்தது. இந்த இரண்டாவது பாதிதான் எங்கும் கடினம். விடுதிக்குத் தெரிவது நிதிப் பிரிவுக்குத் தெரிவதில்லை. நிதிப் பிரிவு சொல்வது நூலகத்துக்கு எட்டுவதில்லை.

இங்கே எங்கள் மனத்தை உறுத்திய ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். எராஸ்மஸ் திட்டம் மாணவர்களை 1987இலிருந்தே அனுப்பிவருகிறது. ஆனால் அலுவலகப் பணியாளரும் பிற நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று பயிற்சி பெறலாம் என்னும் வாய்ப்பு அதில் சேர்க்கப்பட்டது 2007ஆம் ஆண்டிலேதான். இருபது ஆண்டுகள்! வருகிறவர்களை எல்லாம் வரவேற்றவர்கள், தாம் ஒருமுறை வேற்று நாட்டில் விருந்தாளியாக நிற்க இருபது ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

அந்த வாய்ப்பு வந்தபின் பல பல்கலைக்கழகங்கள் ‘பணியாளர் வாரம்’ நடத்துகின்றன. பல நாட்டு நூலகரும் எழுத்தரும் கணிப்பொறிப் பிரிவினரும் ஐந்து நாட்கள் ஓரிடத்தில் கூடி, ஒருவர் அலுவலகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். இதில் படிவம் நிரப்பும் முறையைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. விமான நிலையத்தில் வழி தெரியாமல் நிற்பது, கடையில் பண்டத்தின் பெயரைப் படிக்க முடியாமல் விழிப்பது, தன் பெயரைப் பிறர் தவறாக உச்சரிக்கக் கேட்பது ஆகியவற்றை அந்த எழுத்தரும் ஒரு வாரம் அனுபவிக்கிறார். பிறகு தம் சாளரத்தின் முன் வந்து தடுமாறும் மாணவி அவருக்குப் புதியவள் அல்லள்.

எல்லாரையும் அனுப்பப் பணம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஸ்பெயின் நாட்டின் தரகோனா நகரிலுள்ள ரோவிரா இ விர்ஜிலி பல்கலைக்கழகம் 2016 முதல் 2019 வரை பிற நாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டது. அலுவலகப் பணியாளருள் சிலரைத் தேர்ந்தெடுத்து அவர்களையே பயிற்சியாளராக்கினார்கள். அவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, உடன் பணிபுரிவோருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். அதிகாரி மேடையில் நின்று சொல்வதைவிட அடுத்த மேசைக்காரர் சொல்வது காதில் ஏறும் என்பது எவருக்கும் தெரிந்ததே.

நம் நாட்டு நிலை என்ன? 2019-20ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் உயர்கல்வி கற்ற அயல்நாட்டு மாணவர்கள் 49,348 பேர். 168 நாடுகளிலிருந்து வந்த இவர்களுள் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் நேபாளத்தினர். 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனி ஒன்றில் மட்டும் படித்த இந்திய மாணவர்களும் ஏறத்தாழ இதே தொகையினர்! உலகம் முழுவதிலுமிருந்து நம்மிடம் வந்தவர்களுக்கு ஈடாக நம்மவர் ஒரே நாட்டுக்குச் சென்றிருக்கிறார்கள். அங்கே நம் அக்காமாரையும் அண்ணன்மாரையும் வரவேற்க ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே வருபவர்களை வரவேற்பவர் யார்? பல்கலைக்கழக மானியக் குழு 2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளியிட்ட நெறிமுறைகளில், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அயல்நாட்டு மாணவர் நலனுக்கென ஒரு பன்னாட்டு விவகார அலுவலகம் அமைக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் மாணவி இரவு பதினொரு மணிக்கு வந்து இறங்கினால் அந்த அலுவலகம் பூட்டியிருக்கும், வாயிற்காவலர்தான் விழித்திருப்பார். அறைச் சாவி யாரிடம் இருக்கிறது, குடிநீர் எங்கே கிடைக்கும், காலையில் யாரைப் பார்க்க வேண்டும் என்ற மூன்று செய்திகளும் அவருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்க வேண்டும். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

எராஸ்மஸ் திட்டம் 2015 முதல் ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ள பல்கலைக்கழகங்களுக்கும் விரிந்திருக்கிறது. ஒப்பந்தம் செய்துகொண்ட இந்தியப் பல்கலைக்கழகங்களின் பணியாளரும் அதன் உதவித்தொகையில் ஐந்து நாள் முதல் இரண்டு மாதம் வரை அங்கே சென்று பயிற்சி பெறலாம். பயணப் பட்டியலைத் தயாரிப்பது நம் பல்கலைக்கழகத்தின் வேலை. அதில் பேராசிரியர் பெயர்களுக்குக் கீழே ஒரு விடுதி எழுத்தரின் பெயரையும் எழுதலாம். விதிகளில் அதற்குத் தடை இல்லை.