துயர் பகிரும் தோழமை

நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தை அடுத்துள்ள சிற்றூர் வளையமாதேவி. 2023ஆம் ஆண்டு சூலைத் திங்களில், சுரங்க நிறுவனத்தின் வாய்க்கால் பணிக்காக, அங்கு வளர்ந்து நின்ற நெற்பயிரினூடே மண்வெட்டும் இயந்திரங்கள் சென்றன. பயிரிழந்தோருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பயிரின் விலையைக் கணக்கிட்டுவிடலாம். தாம் நட்டது அழிவதை வரப்பில் நின்று கண்டவரின் மனத்துயரை எவ்வாறு ஆற்றுவது?

இழவு வீட்டில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றி அழுவதைக் கண்டிருப்பீர்கள். அங்கே ஒருத்தி, தன் வீட்டில் முன்பு நேர்ந்த சாவையும் சேர்த்தே அழுகிறாள். அதனை வெறும் சடங்கென்று கருதுதல் பிழை. ‘எனக்கும் இது நேர்ந்தது’ என்பவர் அருகிலிருந்தால், துன்பத்தோடு ஒட்டிவரும் நாணம் குறைகிறது. நாணம் குறைந்தால் பேச்சு பிறக்கிறது. மனநல வல்லுநர்கள் இதனை ஒத்தோர் ஆதரவு என்பர். குடிநோயிலிருந்து மீள விழைவோர் தமக்குள் கூடிப் பேசும் அமைப்பு அமெரிக்காவில் 1935இல் தோன்றியதும் இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டே.

தமிழ்நாட்டில் தற்கொலைத் தடுப்புக்கென மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் ‘சினேகா’வைத் தொடங்கினார். அங்குச் செவிமடுப்போர் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களே. அவர்கள் அறிவுரை கூறுவதில்லை, குறுக்கிடாமல் கேட்கின்றனர். (நம்மில் பலருக்கு இதுவே அரிய செயல்.) 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், உறவினரை இழந்த மீனவக் குடும்பங்களை அவர்கள் தொடர்ந்து சந்தித்தனர். ஓராண்டு கழித்து ஆராய்ந்தபோது, அத்தகைய சந்திப்பு கிட்டாதவர்களைவிட இவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. இலங்கை அகதிகள் முகாமிலும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் கொண்டு இம்முறை பின்பற்றப்பட்டது.

இன்று இவ்வட்டம் கைப்பேசிக்குள்ளும் விரிந்துள்ளது. பெயர் வெளியிடாமல் பேசலாம். இரவுப்பணி முடித்துத் திரும்பும் சுரங்கத் தொழிலாளிக்கும் அந்நேரத்தில் விழித்திருக்கும் ஒருவர் கிடைக்கலாம். ஆயினும் நெறிப்படுத்துவோர் இல்லாத குழு, துயரை ஆற்றுவதற்கு மாறாகப் பெருக்கிவிடக்கூடும். மருந்தை நிறுத்துமாறு கூறும் குழுவிலிருந்து உடனே விலகுதல் வேண்டும்.

உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாக நண்பர் கூறின், அதனை மறைப்பதாக வாக்களிக்காதீர்கள். அவரைத் தனியே விடாது, ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ தெரிவியுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று நடுவண் அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.