வேக அபராதம் வந்தால் கட்டுவதா, மறுப்பதா?



பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்யும் நம் உறுப்பினர் ஒருவருக்கு, அதிவேகமாகப் போனதாக ரூ.1,000 அபராதத் தகவல் போனில் வந்தது. "அன்னிக்கு வண்டி கம்பெனி ஸ்டாண்டுலதாங்க நின்னுச்சு" என்றார். மாதம் 100 ரூபாய் சேமிக்கும் நமக்கு இது பத்து மாதச் சேமிப்பு. பயந்து உடனே கட்ட வேண்டாம், முதலில் போட்டோவைப் பாருங்கள் என்றோம்.

கேமரா மூலம் வரும் செலானில் நம்பர் பிளேட் தெரியும் படம், பதிவான வேகம், தேதி, நேரம், இடம் இருக்க வேண்டும் என்பது 2021-ல் வந்த விதி. அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொடாதீங்க. போலிச் செலான் அனுப்பிப் பணம் பறிக்கிறார்கள்.

கட்டலாம்: வண்டியும் நம்முடையது, வேகமும் உண்மை என்றால் குறித்த நாளுக்குள் கட்டிவிடுங்கள். கோர்ட்டுக்கு அலைந்தால் அன்றைய கூலியும் போகும்.

மறுக்கலாம்: படத்தில் இருப்பது வேறு வண்டி என்றால் கட்டாதீர்கள். கட்டினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆர்.சி. நகல், நம் வண்டியின் போட்டோ, அன்றைய வருகைப் பதிவு ஆகியவற்றை எடுத்து வையுங்கள்.

வக்கீலுக்குப் பணம் ஏது என்ற கவலை வேண்டாம். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100-க்குப் போன் செய்யலாம்.

நம் உறுப்பினரின் செலான் படத்தில் இருந்தது வேறொருவர் வண்டி. நம்பரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. மறுத்து மனு கொடுத்திருக்கிறார். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள்.