பற்றைக்குள் இறங்குமுன்

1990 ஜூனில் போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கை விட்டுச் சனங்கள் வெளியேறினார்கள். கால் நூற்றாண்டு கழித்து இராணுவத்திடமிருந்து காணிகள் துண்டுதுண்டாக விடுபட்டன. மயிலிட்டித் துறைமுகப் பக்கம் 2017 ஜூலையில் கிடைத்தது. திரும்பி வந்தவர்களில் பலருக்குத் தங்கள் வீடு எந்தப் பக்கம் என்றே பிடிபடவில்லை. பற்றை அப்படி மூடியிருந்தது. அன்று பெருகிய காணி துப்புரவாக்கும் தொழில் இன்று குடாநாடெங்கும் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்களின் வளவுகள், டெங்குக் காலத்தில் அறிவித்தல் ஒட்டப்பட்ட வெறுங்காணிகள், கைவிட்ட தோட்டத் தறைகள் என்று வேலைக்குக் குறைவில்லை. ஓர் உழவு இயந்திரமும் வெட்டும் கருவியும் வாங்கி இதில் இறங்க நினைக்கும் தம்பிமாருக்காக, நான் செய்யும் ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

கடைக்குப் போகுமுன் காணிக்குப் போங்கள். நீங்கள் வேலை எடுக்கப்போகும் ஊர்களில் நாலைந்து காணிகளையாவது பார்க்காமல் எந்தக் கருவிக்கும் முற்பணம் கொடுக்காதீர்கள். போர் நடந்த பகுதியென்றால் அது கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த காணியா என்று கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் மெசினை இறக்க வேண்டாம். ஃபிளெய்ல் என்ற பெயரில் கண்ணிவெடி அகற்றும் கவச இயந்திரமும் உண்டு, பற்றை வெட்டும் கருவியும் உண்டு. பெயரில் ஏமாறாதீர்கள். நாங்கள் வாங்குவது மெல்லிய தகட்டுப் பெட்டி, அது எதையும் தாங்காது.

பிறகு நடக்க வேண்டும். கையில் நீளத் தடியும் கத்தியும் போதும். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் தடியால் தட்டிப் பார்த்தபடி நடக்கிறேன், ஏனென்றால் எனக்குப் பயம் கிணறுதான். நிலத்தடி நீரை நம்பி வாழும் எங்கள் ஊரில் வளவுக்கு வளவு கிணறு. ஆள் இல்லாத வருசங்களில் கட்டு இடிந்து, விளிம்போடு கினிப் புல் சாய்ந்து வளர்ந்திருக்கும். ஒருமுறை தடி சட்டென்று உள்ளே போனது. புல்லை விலக்கினால் காலுக்கு இரண்டடி முன்னால் கறுத்த தண்ணீர். அன்றிலிருந்து, கிணற்றைக் கண்டதும் விளிம்பிலிருந்து ஆறடி தள்ளி நாலு பக்கமும் தடி நட்டுச் சிவப்புத் துணி கட்டாமல் அடுத்த அடி வைப்பதில்லை. அந்த நாலு தடிக்குள் இருப்பதைக் கையால்தான் வெட்டுவோம்.

அடுத்தது கல். செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல் பாறை, சில இடத்தில் ஒரு சாண் மண்கூட இருக்காது. புல்லுக்குள் தலைநீட்டும் அந்தக் கல்லில் அலகு மோதினால் கருவியின் ஆயுள் அங்கே தெரியும். பழைய வேலியின் முட்கம்பி, பனை அடிக்கட்டை, வடலி எல்லாவற்றையும் பார்த்து வையுங்கள். பனையை அனுமதியில்லாமல் தறிக்க முடியாது என்பதைக் காணிக்காரருக்கு அப்போதே சொல்லிவிடுங்கள். இப்பில் இப்பில் மரம் நிற்கிறதா, அதன் தண்டு எவ்வளவு மொத்தம் என்றும் பாருங்கள். இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் அது ஜேசிபிக்கோ கோடரிக்கோ உரிய வேலை.

வெளியே வரும்போது ஒழுங்கையையும் படலையையும் அளவுநாடாவால் அளந்து எழுதுங்கள். ஸ்லாஷர் என்பது உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டும் பற்றை வெட்டும் கருவி. ஆறடி ஸ்லாஷரை மலிவாகக் கண்டு வாங்கிவிட்டுப் படலைத் தூணை இடிக்கக் கேட்டு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். 16 பரப்பு ஒரு ஏக்கர். எங்களுக்கு வரும் காணிகளில் அநேகம் இரண்டு, மூன்று, நாலு பரப்புத்தான். ஐந்தடி ஸ்லாஷர் மணிக்கு இரண்டு கிலோமீற்றர் வேகத்தில் போனால் கணக்குப்படி மணித்தியாலத்துக்குப் பன்னிரண்டு பரப்பு வெட்ட வேண்டும். திரும்புவதும் விலக்குவதும் போக உண்மையில் பாதிதான் முடியும். சின்னக் காணியில் அகலமான கருவி அந்தப் பாதியையும் குறைக்கும். என் தீர்ப்பு ஐந்தடிதான்.

இயந்திரம் பெரும்பாலும் பழையதாகவே அமையும். மாசி பெர்கூசன் 135 இன்னும் எங்கள் வயல்களில் ஓடுகிறது. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின், கருவியைச் சுழற்றும் பின்தண்டில் ஏறத்தாழ 37 குதிரைவலு. பற்றைக்கு அகலத்தில் அடிக்கு ஏழு குதிரைவலு என்று வைத்தாலும் ஐந்தடிக்கு அது போதும். வாங்குமுன் கிளச்சைச் சோதியுங்கள். இரட்டைக் கிளச்சில் பாதி மிதித்தால் சக்கரத்துக்குப் போகும் வலு நிற்கும், முழுதும் மிதித்தால்தான் கருவிக்குப் போவது நிற்கும். ஒற்றைக் கிளச் மெசினில் மிதித்த பிறகும் சுழலும் அலகின் பாரம் மெசினை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். முன்னால் கிணறு இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட மெசினென்றால் பின்தண்டில் ஒருவழிக் கிளச் ஒன்றைப் பூட்டாமல் வேலைக்கு இறக்காதீர்கள்.

கருவியில் ஸ்லாஷரா ஃபிளெய்லா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். ஃபிளெய்ல் பொடியாக வெட்டும், கல்லை அதிகம் எறியாது, வீடுகள் நெருங்கிய இடத்துக்கு நல்லது. ஆனால் முட்கம்பி அதன் உருளையில் சுற்றினால் அன்றைய நாள் போய்விடும். அதனால் முதல் கருவியாகப் பாரமான ஸ்லாஷரையே சொல்வேன். குனிந்து அடியைப் பாருங்கள். அலகுகள் ஆணியில் தளர்வாகத் தொங்கி, அடிபட்டால் பின்வாங்க வேண்டும். நடுவில் தட்டுப் போன்ற வட்டத் தகடு இருக்க வேண்டும், கட்டைமேல் ஏறிச் சறுக்க அதுதான் உதவும். முன்னும் பின்னும் சங்கிலித் திரை வேண்டும். அது இல்லாமல் கல் 300 அடிக்கும் பறக்கும்.

கியர்பொக்ஸைக் காப்பது அறுபடும் போல்ட் அல்லது வழுக்கும் கிளச். போல்ட் மலிவு, ஆனால் கல் நிலத்தில் அடிக்கடி அறும். சலித்துப்போய் ஒருநாள் கடினமான போல்ட் ஒன்றைப் போட்டேன். அடுத்த கல்லில் போல்ட் நின்றது, கியர்பொக்ஸ் வெடித்தது. வழுக்கும் கிளச்சுக்குக் கூடக் காசு கொடுங்கள். மாரி முடிந்ததும் அதைத் தளர்த்தி, ஒருமுறை வழுக்க விட்டு, மறுபடி இறுக்குங்கள். உப்புக்காற்றில் தகடுகள் ஒட்டிப்போனால் அது இருந்தும் பயனில்லை.

மெசினையும் கருவியையும் இணைக்கும் சாஃப்டின் இரண்டு குழாயும் எந்த உயரத்திலும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்கட்டும். மேல் உறை கழன்றிருந்தால் சாரம் கட்டிய ஆளைக் கிட்ட விடாதீர்கள். கருவியைத் தூக்கியதும் முன்சக்கரம் இலேசாகிறதென்றால் முன்னுக்குப் பாரம் கட்டுங்கள். அலகைச் சவரக்கத்தி போலத் தீட்ட வேண்டாம். பற்றைக்கு ஒன்றரை மில்லிமீற்றர் மொட்டை விளிம்பு நிற்கும்.

முதல் வெட்டை ஒரு சாண் உயரத்தில் வெட்டுங்கள். இரண்டாவது வெட்டில்தான் இறக்க வேண்டும். சரிவாக அறுந்த இப்பில் கட்டை ஈட்டி மாதிரி நின்று டயரைத் துளைக்கும், அவற்றைக் கத்தியால் தரையோடு வெட்டிவிடுங்கள். பாத்தீனியம் நிற்கும் காணியைப் பூக்குமுன் வெட்டுங்கள். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை தரும். விதை பிடித்த பின் வெட்டினால் அடுத்த ஊருக்கு அதைக் கொண்டுபோய் விதைக்கிறவர்கள் நாங்கள்தான். முகமூடி போடுங்கள், முடிந்ததும் ஸ்லாஷரின் அடியை அங்கேயே கழுவுங்கள். அடுத்தவன் காணிக்கு அழுக்கோடு போவதை நான் குற்றமாகவே நினைக்கிறேன்.

கிளம்பும்போது கம்பித் துண்டுகளைப் பொறுக்கி ஒரு மூலையில் குவித்து வைப்போம். கிணற்றைச் சுற்றி நட்ட தடிகளைப் பிடுங்குவதில்லை. காணிக்காரர் வந்து கட்டுக் கட்டும்வரை அந்தச் சிவப்புத் துணி அங்கேயே நிற்கும்.