எட்டிப் பார்த்து மறையும் எச்சரிக்கை விளக்கு

கார் ஓட்டும் பெண்கள் இன்று நம் சமூகத்தில் குறைவில்லை. கணவர் கட்டாரிலோ சவூதியிலோ உழைக்க, பிள்ளைகளைப் பாடசாலைக்கும் மத்ரஸாவுக்கும் கொண்டு விடுவதும், உம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதும் பல வீடுகளில் மனைவியின் பொறுப்பாகிவிட்டது. அப்படிப் போகும்போது டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிகிறது. என்னவென்று பார்ப்பதற்குள் அணைந்தும் விடுகிறது. "அணைந்துவிட்டதுதானே" என்று நாமும் மறந்துவிடுகிறோம்.

சமதரையில் இந்த அலட்சியம் ஒருவேளை ஆபத்தில்லாமல் போகலாம். ஆனால் கண்டியிலிருந்து தெல்தெனிய, மெதமஹநுவர வழியாக ஹுன்னஸ்கிரிய ஏறி, உடதும்பர தாண்டி, பதினெட்டு வளைவுகளில் இறங்கி ஹஸலக்க, மஹியங்கனை போகும் பாதையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். நக்கிள்ஸ் மலையிலிருந்து இறங்கும் மூடுபனியும், மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவ மழையும் வேறு. அங்கே வைப்பர் நின்றாலோ விளக்கு அணைந்தாலோ என்ன ஆகும்? ஹுன்னஸ்கிரியவில் திரும்பி மீமுரே பக்கம் போய்விட்டால் கராஜைத் தேடுவதும் எளிதல்ல. ஆகவே, புறப்படும் முன் வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய சில விடயங்களைத் தெரிந்துகொள்வோம்.

பியூஸ் என்ன செய்கிறது?

வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருப்பதைப் போல காரில் பியூஸ் இருக்கிறது. மின்சாரம் அளவுக்கு மிஞ்சி ஓடினால், உள்ளே இருக்கும் மெல்லிய உலோகத் தகடு உருகி அறுந்து, வயர் எரிவதைத் தடுக்கும். இன்று பெரும்பாலான கார்களில் இருப்பது 1976இல் அறிமுகமான தட்டைக் கால் பியூஸின் வகைகளே. அதன் தலையில் எத்தனை அம்பியர் என்ற எண் இருக்கும். நிறமும் அதையே சொல்லும்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை.

பார்ப்பது எப்படி?

எஞ்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, திறப்பை வெளியே எடுத்துவிடுங்கள். பியூஸ் பெட்டி பொதுவாக இரண்டு இருக்கும். ஒன்று டேஷ்போர்டின் கீழே. மற்றது பொனட்டுக்குள் பற்றரிக்குப் பக்கத்தில். எந்தப் பியூஸ் எதற்கு என்ற படம் மூடியின் உட்புறத்தில் இருக்கும். ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த கார்களில் அது ஜப்பான் மொழியில் இருந்தால் பயப்பட வேண்டாம். கைத்தொலைபேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்துக்கொள்ளலாம். எதையும் கழற்றும் முன் பெட்டியை ஒரு படம் எடுத்து வைத்தால், திருப்பிப் போடும்போது இடம் மாறாது.

பெட்டியில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒன்றைத் திருப்பிப் போட்ட பிறகே அடுத்ததை எடுங்கள். உள்ளே தகடு அறுந்திருந்தால் பியூஸ் போய்விட்டது. அதே எண்ணும் அதே உருவமும் உள்ள புதியதைப் போடுங்கள். புதியதும் உடனே போனால் மேலும் மாற்ற வேண்டாம். எங்கோ வயர் உரசி ஷோர்ட் ஆகிறது. அது கராஜ் வேலை.

இங்கே ஒரு முக்கியமான விடயம். அறுந்த பியூஸ் தானாக ஒட்டிக்கொள்ளாது. அது போய்விட்டால், மாற்றும் வரை அதனோடு சேர்ந்த சாமான் வேலை செய்யாது. எனவே விளக்கு வந்து வந்து மறைகிறதென்றால், முழுதாக அறுந்த பியூஸ் அதற்குக் காரணமாக இருப்பது அரிது. பியூஸின் கால் தளர்ந்திருக்கிறதா, பச்சையாகவோ வெள்ளையாகவோ களிம்பு பிடித்திருக்கிறதா, சூட்டில் பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா, பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்ததை அழுத்திப் போட்டாலே சில வேளை குறை தீர்ந்துவிடும். அடுத்து பற்றரியின் இரண்டு முனைகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல விளக்குகள் ஒன்றாக மின்னினால் பற்றரி முனையிலோ எர்த் வயரிலோதான் பெரும்பாலும் கோளாறு இருக்கும்.

மலைப்பாதை சொல்லும் செய்தி

சில விளக்குகள் வளைவில் மட்டும் எரியும். பிரேக் ஒயில் குறைந்திருந்தால், வண்டி வளைவில் சாயும்போதோ இறக்கத்தில் முன்பக்கம் தாழும்போதோ ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கி, சிவப்பு பிரேக் விளக்கு எட்டிப் பார்க்கும். சமதரைக்கு வந்ததும் அணைந்துவிடும். இதை வயரிங் கோளாறு என்று நினைத்துப் பியூஸை மாற்றிக்கொண்டிருப்பது எவ்வளவு ஆபத்து! பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம், எங்காவது கசிவும் இருக்கலாம். எஞ்ஜின் ஒயில் குறைந்தாலும் அதன் விளக்கு இப்படியே வளைவில் மின்னும். மழை நாளில் மட்டும் பற்றரி விளக்கு மின்னினால் அல்டர்னேட்டர் பெல்ட் நனைந்து வழுக்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மனதில் வையுங்கள். மஞ்சள் விளக்கென்றால் நிதானமாகப் போய் விரைவில் கராஜில் காட்டலாம். சிவப்பு என்றால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். ஒயில் விளக்கென்றால் எஞ்ஜினையும் உடனே அணைக்க வேண்டும். பிரேக் விளக்கு எரியும் வண்டியோடு பதினெட்டு வளைவில் இறங்கவே கூடாது.

செய்யக்கூடாதவை

சிகரட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிப் பியூஸுக்குப் பதிலாகச் செருகுவார்கள். 10 இருந்த இடத்தில் 30 போடுவார்கள். மின்சாரம் மூன்று மடங்கானால் வயரில் எழும் சூடு ஒன்பது மடங்காகும். பியூஸ் போகாது, வயர்தான் எரியும். அந்த வயர் போவதோ பிள்ளைகள் உட்காரும் இருக்கைக்குக் கீழே!

ஹைப்ரிட் காராக இருந்தால் செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே வேண்டாம். உயிரைப் பறிக்கக்கூடிய மின்சாரம் அதில் ஓடுகிறது. எயார்பேக் பியூஸையும் கழற்றாதீர்கள். விளக்கு தொல்லை தருகிறதென்று அதை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டுவதும் வேண்டாம்.

ஒரு துண்டுத் தாள்

காரில் ஒரு தாளும் பேனையும் வையுங்கள். எந்த விளக்கு, எந்த நேரம், மழையா வெயிலா, ஏற்றமா இறக்கமா, வைப்பர் ஓடியதா என்பவற்றைக் காரை நிறுத்திய பிறகு எழுதுங்கள். வந்து மறையும் குறை, கராஜில் மெக்கானிக் பார்க்கும் நேரத்தில் வராது. "ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்புவார்கள்; அல்லது ஊகத்தில் ஒவ்வொரு சாமானாக மாற்றி, வெளிநாட்டில் வியர்வை சிந்திய காசை வாங்கிக்கொள்வார்கள். "இரண்டு கிழமையில் நான்கு தடவை, நான்கும் மழையில், வலப்பக்க வளைவில்" என்று நீங்கள் வாசித்துக் காட்டினால் கேட்பவர் காது கொடுத்துக் கேட்பார். பெண் பிள்ளைக்கு என்ன தெரியும் என்ற பேச்சும் அங்கே எழாது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். வாகனத்தில் ஏறியதும் துஆ ஓதுகிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஓதுவதற்கு முன் பொனட்டைத் திறந்து ஒயிலையும் பற்றரியையும் பியூஸையும் ஒரு தடவை பார்ப்பதும் அந்தத் தவக்குலைச் சேர்ந்ததே. பின் இருக்கையில் உறங்கும் பிள்ளைகள் நம் கையில் அமானிதம். வரும் வெள்ளிக்கிழமை வீட்டு வேலைகள் முடிந்த பின் பத்து நிமிடம் ஒதுக்கி, பியூஸ் பெட்டி எங்கே இருக்கிறதென்று தேடிப் பாருங்கள். மூத்த மகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாளை அவளும் இந்தப் பாதையில் ஓட்டுவாள், இன்ஷா அல்லாஹ்.