விரல் நுனியில் ஒரு கிளிப்

ஆபரேஷனுக்கு முதல் நாளே நகப்பூச்சை அழிக்கச் சொல்லிவிடுவார் நர்ஸ். மறுநாள் தியேட்டரில் அந்த விரலுக்கு வேலை இருக்கிறது. துணி காயப்போடும் கிளிப் மாதிரி ஒன்றை அதில் மாட்டுவார்கள். அடர்ந்த பூச்சு அதன் கணக்கைக் குழப்பலாம்.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதரால் மயக்கம் கொடுத்துக் காட்டியபோது இந்தக் கிளிப் கிடையாது. 1848 ஜனவரியில், நியூகாசில் அருகே கால் நகத்தை எடுக்க வந்த பதினைந்து வயது ஹன்னா கிரீனர் சில நிமிடங்களில் இறந்துபோனாள். குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்தால் நேர்ந்ததாகப் பதிவான முதல் சாவு அது. நகத்துக்காக ஓர் உயிர்!

மயங்கிக் கிடப்பவரிடம் எதைக் கவனிப்பது, நாடியையா மூச்சையா? இந்தச் சண்டை ஹைதராபாத்துக்கும் வந்தது. எட்வர்ட் லாரி என்ற சர்ஜன், நிஜாமின் ஆதரவோடு 1888, 1889-இல் விலங்குகளிடம் சோதித்து, மூச்சைப் பார்த்தால் போதும் என்றார். பாதிதான் சரி. அரைமயக்கத்தில் குளோரோஃபார்ம் இதயத்தையே தடுமாறவைத்து நிறுத்தக்கூடும் என்று 1911-இல் லெவி என்ற ஆய்வாளர் நிரூபித்தார்.

அதற்குப் பிறகும் பல காலம் மயக்க மருத்துவரின் கருவி கண்தான். உதடு நீலம் பாரித்திருக்கிறதா, வெட்டிய இடத்தில் ரத்தம் கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார். ஆனால் நீலம் கண்ணுக்குத் தெரிவதற்குள் ஆக்சிஜன் வெகுவாக இறங்கியிருக்கும்.

ஜப்பானில் தகுவோ அவோயாகி என்ற பொறியாளர் வேறு ஏதோ அளக்கப் போனார். காதில் ஒளி பாய்ச்சி, சாயம் கலந்த ரத்தத்தின் ஓட்டத்தைக் கணக்கிட முயன்றார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்தது. அந்தத் தொல்லையே தமனி ரத்தத்தைப் பிரித்துக் காட்டும் என்பது பிறகுதான் புரிந்தது. 1974-இல் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் உருவானது; விரலில் மாட்டும் கிளிப் அதன் வழிவந்ததுதான். சிவப்பொளியும் அகச்சிவப்பொளியும் விரலுக்குள் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்பதை வைத்து ஆக்சிஜன் கணக்கு வருகிறது. 2008-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், மயக்கம் கொடுக்கும் முன் இது வேலை செய்கிறதா என்பதும் ஒரு கேள்வி.

திரையில் வரும் எண்ணைவிட அதன் ஓசை கெட்டிக்காரத்தனமானது. ஆக்சிஜன் குறையக் குறைய 'பீப்' சுருதி இறங்கும். முதுகைத் திருப்பி சிரிஞ்சில் மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும் மருத்துவர், திரையைப் பார்க்காமலே திரும்பிவிடுவார்.

கண் விழித்த பிறகும் கிளிப் விரலிலேயே இருக்கும். உடம்பில் மிச்சமிருக்கும் மருந்து மூச்சை மந்தமாக்கலாம். உறுத்துகிறதென்று கழற்றிப் போடுகிறவர்கள் உண்டு. மெஷின் அலறும், நர்ஸ் ஓடிவந்து திரும்ப மாட்டிவிட்டுப் போவார்.