பிள்ளையின் பெயரில் ஓர் ஆணை

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு பிள்ளை தன் வீட்டிலேயே பத்திரமாக இல்லை என்று தெரிந்தால், அந்தச் சேதி கடைசியில் போய்ச் சேரவேண்டிய ஊர் திண்டுக்கல். கொடைக்கானலிலிருந்து பெருமாள்மலை, வத்தலக்குண்டு வழியாகச் சுமார் 95 கிலோமீட்டர். மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவுக்கு அதுதான் தலைநகரம். குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போக்சோ சிறப்பு நீதிமன்றமும் அங்கேதான். மீட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்தச் சொல்லும் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், பயண நேரத்தை அதில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் தருகிறது. சமவெளிக்காரர்கள் கவனிக்காமலே தாண்டிப்போகும் வரி அது. மழைக்கு மரம் விழுந்து மலைப்பாதை அடைபட்ட நாளில், இங்கே அந்த வரியில்தான் சட்டமே நிற்கிறது.

இதெல்லாம் வருவதற்கு முன் சட்டமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவில் குழந்தைகளுக்கென்று முதலில் சட்டம் போட்டது சென்னை மாகாணம்தான், 1920இல். வங்காளமும் பம்பாயும் 1922, 1924 என்று பின்னால் வந்தன. இங்கிலாந்தின் 1908ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்னால் வைத்துக்கொண்டு எழுதியது நம்முடையது. பிச்சையெடுக்கும் பிள்ளை, திக்கற்ற பிள்ளை, பெற்றவர் சிறையில் இருக்கும் பிள்ளை, திருடரோடு திரியும் பிள்ளை என யாரையும் போலீஸ்காரர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். நீதிபதி விசாரித்து, அரசு அங்கீகரித்த பள்ளிக்கு அனுப்பலாம். பின்னாளில் அதற்கு ‘அப்ரூவ்டு ஸ்கூல்’ என்று பெயர். ஊர்வாயில் அது பசங்க ஜெயில்தான். திருடிய பிள்ளைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் அதே நீதிமன்றம், ஏறக்குறைய அதே படிக்கட்டு.

பள்ளிக்கு அனுப்பும் அந்த ஆணை யார்மேல் எழுதப்பட்டது என்று பாருங்கள். பிள்ளைமேல்தான். அடித்தவன் வீட்டிலேயே இருப்பான், அடிவாங்கியது வண்டியேறும். அதனால்தானோ என்னவோ, மலையில் பெரும்பாலான சங்கதிகள் நீதிமன்றத்தை எட்டவே இல்லை. தாய் செத்து, தகப்பன் குடியில் கிடந்தால் மாமன் வந்து கூட்டிப்போவார்; இல்லையென்றால் சர்ச் விடுதி. நல்லபடியாகப் போனால் அது பாதுகாப்பு. மாமன் வீட்டில் பெண்பிள்ளை சம்பளமில்லாத வேலைக்காரியாக நின்றுவிட்டால், ஏன் என்று கேட்க யாருக்கும் அதிகாரம் இருந்ததில்லை.

1985 வரைக்கும் கொடைக்கானல் மதுரை மாவட்டத்தில் இருந்தது. எந்த மாவட்டமானாலும், பிள்ளையைத் தகப்பன் தூக்கிப்போய்விட்டான் என்று தாய் ஆட்கொணர்வு மனு போட வேண்டுமானால் சென்னைக்குப் போகவேண்டியிருந்தது. 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்த பிறகு அந்த அலைச்சல் பாதிக்கும் கீழே குறைந்தது. நீதி சீர்திருத்தம் பற்றிப் பேசுகிறவர்கள் பிரிவு எண்களையே சொல்வார்கள். எனக்கென்னவோ இந்த மதுரைக் கிளையின் பஸ் டிக்கெட் கணக்கு அவற்றில் பலவற்றைவிடப் பெரிதாகப் படுகிறது.

சட்டம் தன் பார்வையை மாற்றிக்கொள்ள வெகுகாலம் பிடித்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டம், தவறு செய்த சிறாரையும் புறக்கணிக்கப்பட்ட சிறாரையும் வேறுவேறு மேசைக்கு அனுப்பியது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகள் நலக் குழுவைக் கொண்டுவந்தது. தலைவரும் நான்கு உறுப்பினர்களும், அதில் ஒருவராவது பெண். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குள்ள அதிகாரம் இக்குழுவுக்கு உண்டு, கூண்டு கிடையாது. இன்று அது போடக்கூடிய ஆணைகளில் இல்லத்தில் சேர்ப்பது ஒன்றுதான், அதுவும் கடைசியாக நினைக்கவேண்டியது. பெற்றோரிடமே திருப்பி ஒப்படைத்துக் கண்காணிக்கச் சொல்லலாம், தகுதியான நபரிடம் விடலாம், மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கொடுத்துப் பாட்டி வீட்டிலேயே வளரவிடலாம். வறுமை ஒன்றுக்காகவே பிள்ளையைப் பிரித்தெடுத்த காலத்துக்கு இந்த 4,000 ரூபாய் ஒரு பதில்.

குழந்தைகள் இல்லங்களின் கதை மலைவாசிகள் தனியாகப் படிக்கவேண்டியது. 2007இல் மாமல்லபுரம் பக்கத்து ஆதரவற்றோர் இல்லங்களில் நடந்த கொடுமை பத்திரிகையில் வர, உச்ச நீதிமன்றம் அதையே மனுவாக எடுத்துக்கொண்டது. அந்த வழக்கின் தலைப்பிலேயே தமிழ்நாட்டின் பெயர் இருக்கிறது, நமக்குப் பெருமையில்லாத விதத்தில். அசாமிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் சின்னப் பிள்ளைகளைப் படிப்பு என்ற பெயரில் வெளிமாநிலங்களுக்குக் கொண்டுபோவதை 2010இல் அதே வழக்கில் நீதிமன்றம் நிறுத்தியது. 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் லோக்கூரும் தீபக் குப்தாவும் தீர்ப்பளித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் எல்லா இல்லங்களும் பதிவுபெற வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும். குளிரும் பள்ளிக்கூடங்களும் பேர்போன மலைக்கு வெளியூர்ப் பிள்ளைகள் வருவது புதிதல்ல. கட்டணம் கட்டிப் படிக்க வரும் பிள்ளையின் வீட்டு முகவரி கோப்பில் இருக்கும். இல்லத்துக்கு வரும் பிள்ளைக்கும் அது இருந்தாக வேண்டும் என்பதுதான் சுருக்கமாக அந்தத் தீர்ப்பு.

குழந்தைத் திருமணத்துக்கான தடையாணைக்குத் திண்டுக்கல் போக வேண்டியதில்லை. முதல் வகுப்பு நீதித்துறை நடுவரே 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடுக்கலாம். அதற்கு முன்பு குழந்தைத் திருமணத்தைத் தடுக்க இருந்த சாரதா சட்டத்திலும் தடையாணை இருந்தது. ஆனால் அதை மீறிக் கட்டிய தாலிக்கு மூன்று மாதச் சிறையோ அபராதமோதான். கல்யாணம் கல்யாணமாகவே நிற்கும். இப்போது தடையாணையை மீறி நடந்த திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. இவ்வளவு கூர்மையான ஆயுதத்தை வைத்துக்கொண்டு, நடைமுறையில் பெரும்பாலும் பெற்றோரிடம் ‘பதினெட்டு முடியாமல் கட்டிக்கொடுக்க மாட்டோம்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். கையெழுத்துப் போட்ட கை அடுத்த முகூர்த்தத்தில் வேறு ஊர்க் கோயிலில் தாலி எடுத்துக்கொடுக்கும். நடுவர்கள் தாமாகவே முன்வந்து தடையாணை போடலாம், அதிலும் திருமணங்கள் குவியும் நாட்களைக் கண்காணிக்கலாம் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. பெண் சார்பு ஆய்வாளர் சீருடையில்லாமல் குழந்தையின் வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்கவேண்டும் என்கிறது. பழைய காவல் நிலைய வாசலில் பிள்ளையை நாள் முழுக்க உட்காரவைத்ததை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். வாக்குமூலம் வீடு தேடி வருகிறது, சரி. சாட்சி சொல்ல மறுபடி மலையிறங்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவன் உறவுக்காரனாக இருந்தால், வாய்தாவுக்கு வாய்தா அந்த நீண்ட பஸ் பயணத்தில் பக்கத்து இருக்கையில் யார் உட்காருகிறார்கள், காதில் என்ன சொல்கிறார்கள் என்பது வழக்குக்கட்டில் வராது. பிறழ் சாட்சி என்ற சொல் மட்டும் வரும். குழந்தையின் சாட்சியத்தை 30 நாளுக்குள் பதிவுசெய்ய வேண்டும் என்ற விதி அங்கேதான் உயிர்பெற வேண்டும்.

நலக் குழு ஆணை போடுவதற்கு முன் சமூக விசாரணை அறிக்கை கேட்கும். 15 நாள் கெடு. அறிக்கை எழுதுகிறவர் மலையேறி வந்து அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் தனியாகப் பேசினாரா, போனிலேயே கேட்டு எழுதினாரா என்பதைப் பொறுத்து பிள்ளை போகிற இடமே மாறிவிடும். பொறுப்பு திண்டுக்கல்லில், வீடு நாயுடுபுரத்தில் என்று இருக்கும்வரை போனில் கேட்கும் ஆசை யாருக்கும் வரும். அலுவலரை மட்டும் திட்டிப் பயனில்லை. கொடைக்கானலுக்கும் அப்பாலுள்ள பூம்பாறை, மன்னவனூர்ப் பிள்ளைகளுக்கு நாயுடுபுரமே தொலைவு. மே மாதம் கோடை விழாவென்றால் துறைவாரியாக அதிகாரிகள் ஜீப்பில் ஏறி வந்து பிரையண்ட் பூங்காவில் பூப் பார்க்கிறார்கள். ஐந்து பேர் கொண்ட குழுவுக்கும் அந்த ரோடு தெரியாததல்ல. மாதத்துக்கொரு முறை அவர்களும் ஏறி வந்து கொடைக்கானலிலேயே ஒரு மேசை போட்டு உட்காரலாம்.